பணிவு நல்ல குணம்தானா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பள்ளியில் 26 வருடம் தமிழ் நடத்தினேன். ‘அடக்கமுடைமை’ அதிகாரம் வரும் வாரத்தில் வகுப்பு வழக்கத்தைவிடச் சத்தமாக இருக்கும். மனப்பாடம் செய்து ஒப்பித்துவிட்டுப் போகிற அதிகாரம் இல்லை அது. “டீச்சர், அடக்கமா இருந்தா ஏமாத்திடுறாங்களே” என்று யாராவது ஒருவர் எழுந்து நிற்பார். அந்தப் பிள்ளைகள் கேட்டவை, பிறகு அவர்களின் பெற்றோர் கேட்டவை, நானே எனக்குள் கேட்டுக்கொண்டவை எல்லாவற்றையும் இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன்.

பணிவு, அடக்கம், தன்னடக்கம், எளிமை எல்லாம் ஒன்றுதானா?

பேச்சில் ஒன்றுக்குப் பதில் இன்னொன்றைச் சொல்லிவிடுகிறோம். பிரித்துப் பார்த்தால் பல குழப்பங்கள் அங்கேயே தீர்ந்துவிடும்.

பணிவு மனசுக்குள் இருப்பது. எனக்குத் தெரியாதது நிறைய இருக்கிறது, எதிரே நிற்பவர் சொல்வது சரியாக இருக்கலாம் என்று ஒப்புக்கொள்ளும் மனசு அது. தன்னடக்கம் வாயில் இருப்பது, அதாவது தன்னைப் பற்றி எவ்வளவு பேசுகிறோம் என்பது. எளிமை வாழும் விதம். கூச்சம் இந்த வரிசையில் சேரவே சேராது, அது பயத்துக்குச் சொந்தக்காரன்.

இவற்றில் ஒன்று இருந்தால் மற்றதும் இருக்கும் என்று சொல்ல முடியாது. வெள்ளை வேட்டி, சாதாரணச் செருப்பு, பேருந்துப் பயணம் என்று மிக எளிமையாக வாழும் ஒருவர், அடுத்தவரை ஒரு வாக்கியம்கூட முடிக்க விடாமல் பேசுவதைப் பார்த்திருக்கிறேன். தன்னைப் பற்றி வாயே திறக்காத சிலருக்கு உள்ளே பெரிய கர்வம் இருக்கும்.

இன்னொன்று. ‘அடங்கு’, ‘அடக்கு’ என்று தமிழில் இரண்டு வினைகள் உண்டு. அடங்குவது நானாகச் செய்வது. அடக்குவது இன்னொருவர் என்னைச் செய்வது. இரண்டிலிருந்தும் ‘அடக்கம்’ என்ற ஒரே சொல்தான் பிறந்ததோ என்று நினைக்கும் அளவுக்கு இரண்டும் கலந்து கிடக்கின்றன. இந்தப் பக்கத்தில் இருக்கும் பாதிக் கேள்விகள் அந்தக் கலப்பால் வந்தவை. வள்ளுவர் அதிகாரத்துக்கு வைத்த பெயரோ ‘அடக்கம் உடைமை’. உடைமை என்றால் சொத்து. “காக்க பொருளா அடக்கத்தை” என்கிறார். காப்பாற்றி வைக்கும் சொத்து என் கையில் இருப்பதாக இருக்க வேண்டும். இன்னொருவர் என் கழுத்தைப் பிடித்துக் குனிய வைத்தால் அது என் சொத்து ஆகாது.

பணிவு என்றால் தன்னைக் குறைவாக நினைத்துக்கொள்வதா?

இல்லை. இந்த ஒரு தவறான எண்ணம்தான் பணிவுக்குக் கெட்ட பெயர் வாங்கித் தருகிறது.

1913 ஜனவரி 16 அன்று சென்னையிலிருந்து ராமானுஜன் கேம்பிரிட்ஜில் இருந்த கணித அறிஞர் ஹார்டிக்கு எழுதிய முதல் கடிதத்தைப் பாருங்கள். சென்னைத் துறைமுகக் கழகத்தின் கணக்குப் பிரிவில் வருடத்துக்கு 20 பவுண்டு சம்பளம் வாங்கும் எழுத்தர் என்று தன்னை அறிமுகம் செய்துகொள்கிறார். பல்கலைக்கழகப் படிப்பு இல்லை என்று சொல்கிறார். அனுபவம் இல்லாதவன், நீங்கள் சொல்லும் எந்த ஆலோசனையையும் பெரிதாக மதிப்பேன், தொந்தரவுக்கு மன்னிக்கவும் என்று முடிக்கிறார். இவ்வளவும் பணிவு. ஆனால் அதே கடிதத்தில், விரியும் தொடர்களைப் பற்றித் தான் கண்டுபிடித்தவற்றை உள்ளூர்க் கணித அறிஞர்கள் ‘திகைக்க வைப்பவை’ என்று சொல்கிறார்கள் என்றும் எழுதுகிறார். கூடவே பக்கம் பக்கமாகத் தேற்றங்கள். எதையும் “ஏதோ கிறுக்கினேன்” என்று சொல்லி அவர் அனுப்பவில்லை.

தன் படிப்பைப் பற்றி, சம்பளத்தைப் பற்றி, அனுபவத்தைப் பற்றி உள்ளதைச் சொன்னார். தன் கணக்கைப் பற்றியும் உள்ளதைச் சொன்னார். இரண்டு இடத்திலும் அளவு மாறவில்லை. நான் பணிவு என்று சொல்வது இதைத்தான்.

அப்புறம், பகா எண்களைப் பற்றி அந்தக் கடிதத்தில் அவர் உறுதியாகச் சொன்ன ஒன்று தவறு. ஹார்டி அதை எடுத்துக் காட்டினார். ராமானுஜன் அதற்குப் பிறகும் கற்றுக்கொண்டே இருந்தார். தன் திறமையில் நம்பிக்கையும் தன் பிழையை ஏற்கும் மனசும் ஒரே ஆளிடம் இருக்க முடியும் என்று பிள்ளைகளுக்குச் சொல்ல, எனக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைத்ததில்லை.

அப்படியானால் “நான் ஒண்ணுமே படிக்கல” என்று சொல்வது?

பொய். அதோடு, அடுத்தவரைக் காயப்படுத்துகிற பொய்.

ஒரு வருடம் பத்தாம் வகுப்பில் முதலிடம் வாங்கிய மாணவியை எல்லோரும் சுற்றி நின்று பாராட்டினார்கள். “அய்யோ, நான் படிக்கவே இல்ல, சும்மா போய் எழுதினேன்” என்றாள். நல்ல மனசோடுதான் சொன்னாள், பெருமை பேசக் கூடாது என்று வீட்டில் சொல்லி வளர்த்திருந்தார்கள். அவள் பக்கத்தில் இன்னொரு பெண் நின்றிருந்தாள். விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து படித்து, கஷ்டப்பட்டுத் தேறியவள். அந்த நிமிஷத்தில் அவள் முகம் எப்படிச் சுருங்கியது என்று எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. படிக்காமலே ஒருத்தி முதலிடம் வாங்கினால், உயிரைக் கொடுத்துப் படித்தும் பின்னால் நிற்கும் தான் மக்கு என்றுதானே அந்தப் பெண் நினைப்பாள்?

“ஆமாம், ரொம்பக் கஷ்டப்பட்டுப் படித்தேன், கணக்கு மட்டும் அண்ணன் சொல்லிக்கொடுத்தான்” என்று அவள் சொல்லியிருந்தால் அதுதான் பணிவாக இருந்திருக்கும். உண்மையும் இருந்திருக்கும், அண்ணனுக்கு நன்றியும் இருந்திருக்கும், பக்கத்தில் நின்றவளுக்கு ஒரு வழியும் தெரிந்திருக்கும்.

கம்பர் தன்னைப் பூனை என்றாரே, அதுவும் பொய்தானே?

கேட்டது பதினொன்றாம் வகுப்பு மாணவன். நல்ல கேள்வி.

ராமாயணத்தைத் தொடங்கும்போது கம்பர், அலையோசை மிகுந்த பாற்கடலை அடைந்து அது முழுவதையும் நக்கிக் குடித்துவிட நினைத்த பூனையைப் போல, ராமன் கதையைச் சொல்ல ஆசைப்பட்டுப் புகுந்தேன் என்கிறார்.

“ஓசை பெற்று உயர் பாற்கடல் உற்று, ஒரு
பூசை முற்றவும் நக்குபு புக்கென”

இதற்கு அவையடக்கம் என்று பெயர். காப்பியம் பாடுபவர் முதலில் அவைக்கு வணக்கம் சொல்லும் மரபு. மரபு என்பதாலேயே பொய் இல்லை என்று சொல்லிவிட மாட்டேன். வெறும் மரபாகச் சொன்னவர்களும் இருந்திருப்பார்கள். ஆனால் கம்பர் பாட்டில் எது எதோடு ஒப்பிடப்படுகிறது என்று பாருங்கள். “மற்ற புலவர்களைவிட நான் மட்டம்” என்று அவர் சொல்லவில்லை. எடுத்துக்கொண்ட பொருளுக்கு முன்னால் தான் சிறியவன் என்கிறார். பாற்கடலுக்கு முன்னால் எவ்வளவு பெரிய புலவனும் பூனைதான், அது உண்மை. அதைச் சொல்லிவிட்டுப் பூனை திரும்பிப் போகவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்களைப் பாடி முடித்தது.

பக்கத்து வீட்டுக்காரரோடு தன்னை ஒப்பிட்டுக்கொண்டு குனிகிறவருக்குத் தாழ்வு மனப்பான்மை வரும். நிமிர்ந்தால் தலைக்கனம் வரும். எடுத்த வேலையோடு ஒப்பிட்டுக்கொள்கிறவருக்கு இரண்டும் வருவதில்லை.

வேலைக்கான நேர்காணலில் தன்னைப் பற்றி உயர்வாகச் சொல்லலாமா? எனக்கு நாக்கு எழவில்லை.

தாராளமாகச் சொல்லலாம். 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவரே இதற்கு அனுமதி எழுதிவைத்திருக்கிறார்.

நன்னூல் பாயிரத்தில், ஒருவர் எத்தனை துறையில் தேர்ந்து நூல் செய்தாலும் தன்னைத் தானே புகழ்வது தகுதி இல்லை என்று ஒரு விதி. அதற்கு அடுத்த நூற்பாவிலேயே விலக்கு:

“மன்னுடை மன்றத்து ஓலைத் தூக்கினும்
தன்னுடை ஆற்றல் உணரார் இடையினும்
மன்னிய அவையிடை வெல்லுறு பொழுதினும்
தன்னை மறுதலை பழித்த காலையும்
தன்னைப் புகழ்தலும் தகும் புலவோற்கே”

அரசன் அவைக்கு ஓலை எழுதும்போது, தன் திறமையை அறியாதவர்கள் நடுவில், அவையில் வாதிட்டு வெல்ல வேண்டிய நேரத்தில், எதிராளி தன்னைப் பழிக்கும்போது. இந்த நான்கு இடங்களிலும் தன்னைப் புகழ்ந்துகொள்வது தகும். வேலைக்கு விண்ணப்பம் எழுதுவது முதல் இடம். முன்பின் தெரியாத ஐந்து பேர் முன்னால் உட்காருவது இரண்டாவது இடம். சம்பள உயர்வு கேட்கப் போனால் மூன்றாவதும் நான்காவதும்கூட வந்துவிடலாம்.

கிராமத்திலிருந்து படித்து வந்த பிள்ளைகள், அதுவும் முதல் தலைமுறைப் பட்டதாரிகள், இந்த இடத்தில்தான் வாய்ப்பை விடுகிறார்கள். “ஏதோ கொஞ்சம் தெரியும் சார்” என்பார்கள். தெரிந்தது கொஞ்சம் இல்லை, நன்றாகவே தெரியும். ஆனால் எதிரே இருப்பவர் அந்த வாக்கியத்தை அப்படியே எழுதிக்கொள்கிறார். உங்கள் ஊரில் எல்லோருக்கும் உங்களைத் தெரியும், அங்கே நீங்கள் பேசாமல் இருந்தாலும் உங்கள் வேலை பேசும். அந்த அறையில் உங்களுக்காகப் பேச உங்களைத் தவிர யாரும் இல்லை. என்ன செய்தீர்களோ அதை எண்ணிக்கையோடு சொல்லுங்கள். கூட யார் வேலை செய்தார்கள் என்பதையும் சொல்லுங்கள். செய்யாததைச் சேர்க்காதீர்கள். பணிவுக்கு அங்கே அவ்வளவு இடம் போதும்.

பணிவு நற்பண்பே இல்லை என்று சொன்ன தத்துவ அறிஞர்களும் இருக்கிறார்களாமே?

இருக்கிறார்கள், சாதாரண ஆட்களும் இல்லை. பெரிய காரியங்களுக்குத் தகுதி உள்ளவன் அந்தத் தகுதியை உணர்ந்திருப்பதை அரிஸ்டாட்டில் ஓர் உயர்ந்த குணமாக வைத்தார். தகுதியைவிடக் குறைவாகத் தன்னை நினைப்பது அவருக்குக் குறை. பதினேழாம் நூற்றாண்டின் ஸ்பினோசா, பணிவு அறிவிலிருந்து பிறப்பதில்லை, தன் இயலாமையை நினைத்து வருந்துவதிலிருந்து பிறக்கிறது, ஆகவே அது நற்பண்பு இல்லை என்றார். ஆனாலும், மனிதர்கள் அறிவுப்படி வாழ்வது அரிது என்பதால் பணிவால் தீமையைவிட நன்மையே அதிகம் என்றும் சேர்த்துக்கொண்டார். டேவிட் ஹியூம் 1751இல் எழுதியதில், உண்ணாநோன்பு, தன்னை வருத்துதல் போன்றவற்றோடு பணிவையும் ஒரே பட்டியலில் போட்டு, இவை யாருக்கும் பயன்படாத ‘துறவிகளின் நற்பண்புகள்’ என்று தள்ளினார். நம் காலத்தில் ஜூலியா டிரைவர் என்ற அமெரிக்கத் தத்துவப் பேராசிரியர் 1989இல் ஒரு கட்டுரை எழுதினார். அடக்கமானவர் தன் மதிப்பைத் தானே சரியாக அறியாதவர், அறியாமையிலிருந்தும் ஒரு நற்பண்பு வரலாம் என்பது அவருடைய வாதம்.

நால்வரும் ஒரே பொருளைப் பார்த்துத்தான் பேசுகிறார்கள்: தன்னைக் குறைத்து மதிப்பிடுவது. அதுதான் பணிவு என்றால் அரிஸ்டாட்டிலோடும் ஸ்பினோசாவோடும் நானும் சேர்ந்துகொள்வேன். டிரைவர் சொல்வதுதான் எனக்கு ஒப்பவில்லை. தன் வீணையின் அருமை தெரியாத கலைஞரிடம் இருப்பது அப்பாவித்தனம். தெரிந்தும், மேடைக்குக் கீழே சுருதிப்பெட்டி தூக்கி வந்த பையன் சாப்பிட்டானா என்று கேட்கிறவரிடம் இருப்பதுதான் பணிவு.

பெருமிதத்தையும் பணிவையும் எதிரிகளாக்கியதும் நம் மரபு இல்லை. தொல்காப்பியம் பெருமிதத்தை எட்டு மெய்ப்பாடுகளில், அதாவது உடலில் வெளிப்படும் உணர்வுகளில், ஒன்றாக வைத்து, கல்வி, தறுகண் (அஞ்சாமை), இசைமை (புகழ்), கொடை என்ற நான்கிலிருந்து அது பிறக்கும் என்கிறது. கற்றவருக்கும் கொடுத்தவருக்கும் நெஞ்சு நிமிர்வது இயல்பு. அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

“அடக்கமா இரு” என்று எப்போதும் நம்மைப் போன்றவர்களிடம்தானே சொல்கிறார்கள்?

இதுதான் எல்லாக் கேள்விகளிலும் பெரியது. கேட்டவன் கடைசி பெஞ்சில் உட்காரும் பையன். அவன் எந்தத் தெருவிலிருந்து வந்தான் என்பது ஊருக்கே தெரியும். பதில் சொல்ல எனக்குச் சில வருடங்கள் ஆயின.

தென் திருவிதாங்கூரில், அதாவது இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில், நாடார் பெண்கள் மேலாடை அணியக் கூடாது என்றிருந்தது. மேல்சாதியார் முன்னால் மார்பு மூடாமல் நிற்பதுதான் மரியாதை, அதுதான் பணிவு. மூடினால் திமிர். 1822இல் தொடங்கி 1859 வரை அலை அலையாக நடந்தது தோள்சீலைப் போராட்டம். தெருவில் பெண்களின் ஆடை கிழிக்கப்பட்டது, வீடுகளும் பள்ளிகளும் எரிக்கப்பட்டன. 1859 ஜூலை 26 அன்று வந்த அரச அறிவிப்பு மார்பை மூடிக்கொள்ள அனுமதித்தது. ஆனால் மேல்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது என்றும் அதிலேயே சொல்லியிருந்தது. ஒரு பெண்ணின் நாணத்தையே பறித்துவிட்டு, பறித்ததற்குப் பணிவு என்று பெயர் வைத்திருந்தார்கள்.

தோள் துண்டும் அப்படித்தான். பெரிய தெருவுக்குள் வந்தால் துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்க வேண்டும், செருப்பைக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும், சைக்கிளிலிருந்து இறங்கித் தள்ளிக்கொண்டு போக வேண்டும். இவற்றை எங்கள் தாத்தா காலத்துக் கதை என்று தள்ள முடியாது. இதையெல்லாம் செய்யாதவரைப் பற்றி ஊர் சொன்ன சொல், “அடக்கம் இல்லாதவன்”. 1925இல் தொடங்கிய இயக்கம் தனக்குச் ‘சுயமரியாதை’ என்று பெயர் வைத்துக்கொண்டது தற்செயல் இல்லை. பணிவு என்ற பேரில் பிடுங்கப்பட்டது எதுவோ, அதைத்தான் பெயராக எடுத்துக்கொண்டார்கள்.

திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையை (1898–1956) அந்தக் காலத்தில் பலர் கர்வி என்றார்கள். நாதஸ்வரக் கலைஞர்கள் நின்றபடி, நடந்தபடி வாசித்துக்கொண்டிருந்த காலம். வாய்ப்பாட்டுக்காரர்களைப் போலத் தானும் மேடையில் உட்கார்ந்துதான் வாசிப்பேன் என்றார். கிராப் வைத்துக்கொண்டார், விருப்பப்படி உடுத்தினார். அவர் தோடி வாசித்தால் ஊரே கிறங்கி உட்காரும், ஆனால் அவர் உட்காருவதுதான் சிலருக்குப் பொறுக்கவில்லை. அவர் கேட்டதால் பின்னால் வந்த எத்தனையோ கலைஞர்களுக்கு ஓர் இருக்கை கிடைத்தது. இதை நான் கர்வம் என்று சொல்ல மாட்டேன்.

வள்ளுவர் என்ன சொன்னார் என்று பார்த்தால் வியப்பாக இருக்கும்.

“எல்லார்க்கும் நன்றாம் பணிதல் அவருள்ளும்
செல்வர்க்கே செல்வம் தகைத்து”

எல்லோருக்கும் நல்லதுதான், ஆனால் ஏற்கெனவே செல்வம் உள்ளவர்களுக்கு அது இன்னொரு செல்வம். ‘மானம்’ அதிகாரத்தில் இன்னும் தெளிவாகவே சொல்கிறார்: “பெருக்கத்து வேண்டும் பணிதல் சிறிய சுருக்கத்து வேண்டும் உயர்வு.” வளம் பெருகியிருக்கும்போது பணிந்து நட. சுருங்கி, ஒடுங்கி இருக்கும் காலத்தில் நிமிர்ந்து நில். பணிவை அவர் கேட்டது மேலே இருப்பவரிடம். நாம் ஊரில் அதைத் தலைகீழாக்கி, கீழே இருப்பவரிடம் வசூலித்தோம்.

அந்தப் பையனுக்கு இந்தக் குறளை எழுதிக் கொடுத்தேன். அவனிடம் அடக்கமாக இரு என்று அதற்குப் பிறகு நான் சொன்னதில்லை.

பெண்களுக்கு மட்டும் ஏன் “அடக்க ஒடுக்கம்”?

மேலே சொன்னதன் தொடர்ச்சிதான். ஆண்பிள்ளை அதிகம் பேசினால் கெட்டிக்காரன், பெண்பிள்ளை பேசினால் வாயாடி. ஆசிரியர் அறையிலேயே இதைப் பார்த்திருக்கிறேன். நான் சொன்ன யோசனையைப் பத்து நிமிஷம் கழித்து ஓர் ஆசிரியர் சொல்வார், எல்லோரும் தலையாட்டுவார்கள். “அது நான் சொன்னது” என்று சொல்ல எனக்குப் பதினைந்து வருடம் பிடித்தது. சொன்ன அன்று வானம் இடிந்து விழவில்லை.

பாரதி புதுமைப் பெண்ணைப் பாடும்போது “நிமிர்ந்த நன்னடை நேர்கொண்ட பார்வையும்” என்று தொடங்கி, “திமிர்ந்த ஞானச் செருக்கும்” என்றார். செருக்கு குறளில் குற்றம். அது பாரதிக்குத் தெரியாமல் இல்லை. ஞானத்தால் வந்த செருக்கு என்று அடைமொழி போட்டு, அதுவரை குனிந்து நடந்தவர்களுக்குக் கொடுத்தார். ‘பெருக்கத்து’, ‘சுருக்கத்து’ என்று வள்ளுவர் பிரித்ததை வைத்துப் பார்த்தால் இரண்டும் மோதவில்லை.

பக்தியில் “அடியேன்”, “நாயேன்” என்கிறார்களே, அது தன்னைத் தாழ்த்திக்கொள்வது இல்லையா?

அப்பரைப் பாருங்கள். “என்கடன் பணி செய்து கிடப்பதே” என்றவர் அவர். கையில் உழவாரத்தோடு கோயில் கோயிலாகப் புல் செதுக்கியவர். பல்லவ அரசனின் ஆட்கள் அழைத்துப் போக வந்தபோது அதே அப்பர்தான் “நாமார்க்கும் குடியல்லோம் நமனை அஞ்சோம்” என்று பாடினார் என்கிறது வரலாறு. குனிய வேண்டிய இடம் ஒன்று அவருக்கு இருந்தது, அதனாலேயே வேறு எங்கும் குனியத் தேவை இல்லாமல் போனது. நம்பிக்கை இல்லாதவர்களும் இதைப் புரிந்துகொள்ளலாம். உண்மைக்கோ கலைக்கோ முழுசாகத் தலைவணங்கியவர்கள் அதிகாரிக்குத் தலைவணங்குவது கஷ்டம்.

பணிவு காரியம் சாதிக்க உதவுமா? கொக்கு மாதிரி காத்திருக்கச் சொன்னாரே ஒளவை?

“ஓடுமீன் ஓட உறுமீன் வருமளவும் வாடி இருக்குமாம் கொக்கு.” அடங்கி இருப்பவரை அறிவில்லாதவர் என்று எண்ணி வெல்ல நினைக்காதே என்று எச்சரிக்கும் பாட்டு. நல்ல எச்சரிக்கை. ஆனால் கொக்கு மீனிடம் பணிவாக இல்லை, பசியோடு பொறுமையாக இருக்கிறது. பொறுமையும் நல்ல குணம்தான், பெயரை மட்டும் மாற்றிச் சொல்லக் கூடாது.

சரி, பணிவு இல்லாவிட்டால் உண்மையில் என்ன கெட்டுவிடும்?

உயிர் போகும். மிகைப்படுத்திச் சொல்லவில்லை.

1977 மார்ச் 27. ஸ்பெயினுக்குச் சொந்தமான டெனரீஃப் தீவின் லாஸ் ரோடியோஸ் விமான நிலையம். பக்கத்துத் தீவின் விமான நிலையத்தில் குண்டு வெடித்ததால் பல விமானங்களை இங்கே திருப்பிவிட்டிருந்தார்கள். ஓடுபாதையில் பனிமூட்டம். டச்சு நிறுவனமான கேஎல்எம்மின் ஜம்போ விமானம் ஓடுபாதையின் ஒரு முனையில் நின்றது. அமெரிக்காவின் பான் ஆம் ஜம்போ அதே பாதையில் எதிரே ஊர்ந்து வந்துகொண்டிருந்தது. கேஎல்எம் தலைமை விமானி அந்த நிறுவனத்திலேயே மற்ற விமானிகளுக்குப் பயிற்சி கொடுக்கும் மூத்தவர். புறப்படும் அனுமதி வராமலே விமானத்தை ஓடவிட்டார். பான் ஆம் விமானம் இன்னும் பாதையை விட்டு விலகவில்லையோ என்று பின்னால் இருந்த விமானப் பொறியாளருக்குச் சந்தேகம். “அவர்கள் விலகவில்லையா?” என்று கேட்டார். விலகிவிட்டார்கள் என்று தலைமை விமானி அழுத்தமாகச் சொன்னார். பொறியாளர் அதற்குமேல் பேசவில்லை. சில நொடிகளில் மோதல். 583 பேர் இறந்தார்கள்.

பனிமூட்டம், ஒரே நேரத்தில் இரண்டு பேர் பேசியதால் ரேடியோவில் வந்த இரைச்சல் என்று வேறு காரணங்களும் இருந்தன. ஆனால் அந்த விமானி அறைக்குள் நடந்த அந்தச் சின்ன உரையாடலை நான் மறக்கவே இல்லை. மேலே இருந்தவருக்குப் பணிவு குறைவாக இருந்தது, கீழே இருந்தவருக்கு அடக்கம் அதிகமாக இருந்தது. இரண்டும் தலைகீழாக இருந்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு உலகம் முழுவதும் விமானிகளுக்கு இதற்கென்றே பயிற்சி கொடுக்கத் தொடங்கினார்கள். இளையவர் சந்தேகத்தைத் தயங்காமல், தேவைப்பட்டால் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும், மூத்தவர் அதைக் கேட்டாக வேண்டும்.

வீட்டிலும் இதே கதைதான். அப்பா கார் ஓட்டும்போது “கொஞ்சம் மெதுவாப் போங்கப்பா” என்று பிள்ளை சொன்னால் நாம் என்ன செய்கிறோம்?

பிள்ளைகளுக்குப் பணிவை எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

“பணிவா இரு” என்று சொல்லிக்கொடுக்க முடியாது, அப்படிச் சொன்னால் பயம்தான் வரும். பெரியவர்கள் தவறை ஒப்புக்கொள்வதை அவர்கள் கண்ணால் பார்க்க வேண்டும். பரிசு வாங்கி வந்தால் “இதெல்லாம் என்ன பெரிசு” என்று தட்டாதீர்கள். கொண்டாடுங்கள், யார் யார் உதவினார்கள் என்று கேளுங்கள். வீட்டு வேலைக்கு வரும் அம்மாவைப் பிள்ளைகள் என்ன சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்பதைக் கவனியுங்கள். பெரியவர்களையும் வியக்காமல் சிறியவர்களையும் இகழாமல் இருக்கச் சொன்ன கணியன் பூங்குன்றனாரின் வரியை ஏட்டில் மட்டும் படித்தால் ஒட்டாது.

எனக்குப் பணிவு இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

உங்களைவிடச் சின்னவர் உங்களைத் திருத்தும்போது முதல் ஐந்து நொடியில் உங்களுக்குள் என்ன எழுகிறது என்று பாருங்கள்.

ஒருமுறை கரும்பலகையில் “என்கடன் பணி செய்து கிடப்பதே” என்று எழுதி, கீழே மாணிக்கவாசகர் என்று எழுதிவிட்டேன். ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் எழுந்தான். “டீச்சர், அது அப்பர் பாட்டு. எங்க ஆயா தினமும் பாடும்.” எனக்கு முகம் சூடானது. “உட்கார், பார்க்கலாம்” என்றேன். உட்கார்ந்தான். பாடம் முடியும்வரை தலையைத் தூக்கவில்லை.

வீட்டுக்குப் போகும் வழியிலேயே தெரிந்துவிட்டது, அவன் சொன்னதுதான் சரி. புத்தகத்தைத் திறந்து பார்க்கக்கூடத் தேவை இருக்கவில்லை. ஆனாலும் இரவெல்லாம் ஏதேதோ காரணம் தேடிக்கொண்டிருந்தேன்: அவசரத்தில் எழுதியது, வேறு வகுப்பு நினைப்பு, அவன் கேட்ட தொனி. மறுநாள் முதல் வேலையாக அவனைக் கூப்பிட்டு, சாக்பீஸை அவன் கையிலேயே கொடுத்து, அப்பர் என்று எழுதச் சொன்னேன். நேற்று நான் சொன்னது தவறு, இவன் சொன்னது சரி, இவன் ஆயாவுக்கு நன்றி என்று வகுப்பில் சொன்னேன்.

அந்த வருடம் முழுவதும் அவன் கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தான். ஜனவரிக்குள் அவன் பக்கத்தில் இருந்த மூன்று பேரும் கேட்க ஆரம்பித்தார்கள்.